சி. ஆர். ராவின் ஆய்வுப் பட்டியல்: ஒரு புள்ளியியலாளருக்கு எத்தனை துறைகள் இருக்கலாம்?

நெல்லைக்கணக்கன்

எங்கள் துறையில் அண்மையில் ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒருவருடைய கட்டுரைப் பட்டியலில் நெல் விளைச்சல், காசநோய், நுண்கடன், மீன்வளம் எல்லாம் கலந்து கிடந்தன. "இவருக்கென்று ஒரு துறை இல்லையே, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறாரே" என்றார் மூத்தவர் ஒருவர். கோப்பு ஓரமாகப் போய்விட்டது. நான் தேர்வுக் குழுவில் இல்லை. காப்பிக் கோப்பையோடு கேட்டுக்கொண்டு நின்றவன்தான்.

என் கேள்வி இது. கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவின் பட்டியலை, பெயரை மறைத்துவிட்டு, அதே மேசையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1940களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசச் சாதிக் குழுக்களின் உடல் அளவுகள், சூடானில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகள், எலிகளின் மரபியல், வேளாண் சோதனைத் திட்டங்கள், நடுநடுவே தூய கணிதம். பிற்காலத்தில் சூழலியல் வரை போயிருக்கிறார். கட்டுரைகள் மொத்தம் 400-க்கும் மேல். இதை அகலம் என்பதா, அலைச்சல் என்பதா? பெயரைப் பார்த்து மரியாதை செலுத்தாமல் பதில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பெயரை மறைத்தால் கதை புரியாது தம்பி, ஆகவே பெயரோடே சொல்கிறேன்.

ராவ் 1940-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலை முடித்தார். புள்ளியியலுக்கு வர வேண்டும் என்று அவர் திட்டமிடவில்லை. இராணுவ நில அளவைப் பிரிவில் கணித வேலைக்கு நேர்காணல் என்று கல்கத்தாவுக்குப் போனார், வேலை கிடைக்கவில்லை. தங்கிய விடுதியில் சந்தித்த ஒருவர், 'இங்கே மகலனோபிஸ் என்பவர் புள்ளியியல் நிறுவனம் ஒன்றை நடத்துகிறார், நான் அங்கேதான் பயிற்சி பெறுகிறேன்' என்றார். 1941 சனவரியில் ராவ் அங்கே சேர்ந்துவிட்டார்.

அந்த நிறுவனத்தைப் புரிந்துகொண்டால்தான் பட்டியல் புரியும். மகலனோபிஸ் அடிப்படையில் இயற்பியல் பேராசிரியர். பிராமணி ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, அதனால்தான் ஒரிசாவில் 1926-இல் வெள்ளம் வந்தது என்று பொறியாளர்கள் சொன்னபோது, சுமார் அறுபது ஆண்டுப் பதிவுகளை அலசி, படுகை உயரவே இல்லை என்று காட்டியவர். வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டவர். 1943 பஞ்சத்துக்குப் பின் அதன் விளைவுகளையும் அந்த நிறுவனம்தான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. அங்கே சேர்ந்த இருபது வயது இளைஞனிடம் 'உன் துறை எது' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த மூட்டை வந்து இறங்கியதோ அதை அவிழ்த்தார்கள்.

இப்போது 1945 கட்டுரைக்கு வருகிறேன். அதற்கு ஓரிரு ஆண்டு முன்பு ராவ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மதிப்பீட்டுக் கோட்பாடு பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஃபிஷரின் முடிவு ஒன்றைச் சொன்னதும், மாணவர் ஒருவர் எழுந்து, 'சிறிய மாதிரிக்கு இது பொருந்துமா?' என்று கேட்டார். கேட்டவர் வி. எம். தாண்டேகர்; பின்னாளில் இந்திய வறுமை பற்றிய ஆய்வால் பெயர் பெற்ற பொருளியலாளர். ராவ் அன்றிரவு உட்கார்ந்து விடையைக் கண்டுபிடித்தார். அதைத்தான் நாம் கிராமர்-ராவ் சமனிலி என்று பாடம் நடத்துகிறோம்: ஒரு பக்கம் சாயாத எந்த மதிப்பீட்டின் பரவற்படியும் (விடைகள் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகவே முடியாது என்பது.

சந்தேகி

'அன்றிரவு கண்டுபிடித்தார்' என்ற கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே எல்லையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோரிஸ் ஃபிரெஷே 1943-இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். 1945-இல் தார்முவாவும் எழுதினார். கிராமரின் புத்தகம் 1946. பிரெஞ்சுக்காரர்கள் நான்கு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாம் மட்டும் நமக்கு வேண்டிய இரண்டை வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நெல்லைக்கணக்கன் ஓரங்கட்டப்பட்ட விண்ணப்பதாரருக்காக ராவை இழுத்துவருவது நியாயமா? மருத்துவக் கல்லூரிகளில் ஒரு டி-சோதனை (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் எளிய கணக்கு) ஓட்டிக்கொடுத்துவிட்டு நாற்பது கட்டுரைகளில் ஆறாவது பெயராக இருப்பவர்களும் 'பல துறை' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

ஃபிரெஷே விஷயம் உண்மை. ஆனால் 1943-இல் பாரிசுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஆய்விதழ்கள் எப்படிப் பயணப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். தனித்தனியே கண்டதில் வியப்பில்லை. மேலும், அந்தப் பத்துப் பக்க அளவிலான கட்டுரையில் இருப்பது ஒரு முடிவு அல்ல, மூன்று. சமனிலி ஒன்று. பின்னர் பிளாக்வெல் 1947-இல் தனியே கண்டதால் ராவ்-பிளாக்வெல் என்று ஆன தேற்றம் இரண்டாவது. நிகழ்தகவுப் பரவல்களுக்கு இடையே தூரம் அளக்கும் வடிவகணிதம் மூன்றாவது. அதிலிருந்து தகவல் வடிவகணிதம் என்ற தனிப்பிரிவே பிற்பாடு முளைத்தது. அச்சானது கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில். இன்றைய மதிப்பெண் முறையில் அந்த இதழுக்கு என்ன புள்ளி கிடைக்கும் என்று உங்கள் குழுவிடம் கேட்டுப் பாருங்கள் தம்பி.

ஒரத்தநாட்டான்

ஐயா, ராவ்-பிளாக்வெல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன், இன்றுவரை விளங்கவில்லை. ஒரு கணக்காகச் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

சொல்கிறேன். ஒரு மருந்துக்கடையில் ஏதாவது ஒரு நிமிடத்தில் ஒருவர்கூட வராமல் இருப்பதற்கான நிகழ்தகவு வேண்டும். பத்து நிமிடம் நின்று பார்க்கிறீர்கள். மொத்தம் 20 பேர் வருகிறார்கள். வருகை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது, அதாவது ஒருவர் வருவது மற்றவரைப் பாதிக்காமல் சீரான வேகத்தில் தற்செயலாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறி வழி: முதல் நிமிடத்தில் யாரும் வரவில்லையென்றால் விடை 1, வந்திருந்தால் 0. இது ஒரு பக்கம் சாயாத மதிப்பீடுதான், ஆனால் பரிதாபமான மதிப்பீடு; ஒன்பது நிமிடத் தகவலைக் குப்பையில் போடுகிறது.

இப்போது இப்படிக் கேளுங்கள்: 20 பேர் வந்தார்கள் என்பது தெரியும், அவர்களில் ஒருவர்கூட முதல் நிமிடத்தில் வராமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொருவரும் முதல் நிமிடத்தைத் தவிர்க்க 10-இல் 9 வாய்ப்பு. இருபது பேரும் தவிர்க்க 0.9-ஐ இருபது முறை பெருக்க வேண்டும், சுமார் 0.12 வரும். அதே சாயாத தன்மை, பரவற்படி மட்டும் எவ்வளவோ குறைந்துவிட்டது. மட்டமான மதிப்பீட்டை எடுத்து, தேவையான தகவல் முழுவதையும் தாங்கிய மொத்தத்தின் மீது சராசரி காண்பது. தேற்றம் அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டான்

இதை வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு தாளில் தேறியிருப்பேன். நன்றி ஐயா.

மருத்துவக்கல்லூரி மேசை

சந்தேகி சொன்ன 'ஆறாவது பெயர்' நான்தான்; இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

எனக்கு வரும் எக்செல் தாள் எப்படி இருக்கும் தெரியுமா? வயது என்ற பத்தியில் சிலருக்கு 45, சிலருக்கு '45 வயது', குழந்தைகளுக்கு '8 மாதம்'. விவரம் இல்லாத இடத்தில் 99 போட்டிருப்பார்கள். அதே பத்தியில் உண்மையிலேயே 99 வயதுப் பாட்டி ஒருவர் இருப்பார். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று ஆய்வு தொடங்குமுன் கேட்பவர் அரிது. முடித்துவிட்டு வந்து, 'இந்த எண்ணிக்கைக்குப் பொருத்தமான கணக்கை எழுதித் தாருங்கள் அம்மா' என்பார்கள். முதுகலை மாணவர்களின் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் என் அறை வாசலில் வரிசை நிற்கும்.

இதில் என் பெயர் சேர்வதா வேண்டாமா என்று சந்தேகி தாராளமாகத் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் இந்த வேலைக்கும் ராவ் செய்ததற்கும் உள்ள வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை. எனக்கு ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம். அவருக்கு ஓர் எலும்புக் குவியலுக்கு இரண்டு ஆண்டு கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா சொன்ன எலும்புக் குவியல்தான் என் கட்சிக்கு உயிர்நாடி. சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் ஹென்றி வெல்கம் (மருந்து நிறுவனத்தின் வெல்கம்தான்) 1911 முதல் 1914 வரை அகழாய்வு நடத்தினார். கிடைத்த மனித எலும்புகள் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தன. இவர்கள் எந்த மக்களோடு நெருங்கியவர்கள் என்று பார்க்க, மகலனோபிஸின் தூர அளவையைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1946-இல் ராவும் ராமகிருஷ்ண முகர்ஜியும் அங்கே போனார்கள்.

மகலனோபிஸ் தூரத்தின் சூட்சுமம் எளிது. உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டு குழுக்கள் உயரத்திலும் கை நீளத்திலும் வேறுபட்டால், அதை இரண்டு வேறுபாடாக எண்ணுவது ஒரே பற்றை இரண்டு தடவை எழுதுவதற்குச் சமம். அளவுகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் கழித்துவிட்டு மீதியைத் தூரமாகக் கொள்ள வேண்டும். இதை இரு குழுக்களுக்குச் செய்யலாம். பல குழுக்கள், பல அளவுகள், பாதி உடைந்த மண்டையோடுகள் என்றால்? ஒரு மண்டையோடு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று முடிவெடுப்பதில் தவறும் வாய்ப்பை எப்படிக் குறைப்பது? பகலில் அருங்காட்சியகத்தில் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர், அதையே 1948-இல் முனைவர் பட்ட ஆய்வாக்கினார். வழிகாட்டி ஆர். ஏ. ஃபிஷர். அவர் அப்போது கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியர். அவருடைய கூடத்தில் ராவ் எலிகளை இனப்பெருக்கம் செய்து மரபணுக்களின் பிணைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்புகளைப் பற்றிய புத்தகம் 1955-இல் தனியாக வந்தது.

ஆக, பட்டியலில் 'மானுடவியல்' என்று ஒரு வரி, 'பன்மாறி வகைப்படுத்தல் கோட்பாடு' (பல அளவுகளை ஒருசேர வைத்து வகை பிரிப்பது) என்று இன்னொரு வரி. குழு இரண்டையும் இரண்டு துறையாக எண்ணும். வேலை ஒன்றுதான்.

சந்தேகி

அந்த மானுடவியலில் ஒரு நெருடல் இருக்கிறது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். மகலனோபிஸ், மஜும்தார், ராவ் மூவரும் 1949-இல் சாங்க்யா இதழில் வெளியிட்டது 1941 கணக்கெடுப்பின்போது சாதி வாரியாக எடுத்த உடல் அளவுகளை. மூக்கை அளந்து சாதியை வரிசைப்படுத்திய பிரிட்டிஷ் இந்திய அதிகாரி ரிஸ்லியின் நிழல் அதன்மேல் விழாமல் இருக்குமா? கணக்கு நேர்த்தியாக இருக்கலாம். கேள்வி யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாங்க்யா என்றதும் நினைவுக்கு வருகிறது. அது அந்தக் கல்கத்தா நிறுவனத்தின் சொந்த இதழ், ராவ் நெடுங்காலம் அதன் ஆசிரியர். இன்று ஒருவர் தாம் நடத்தும் இதழிலேயே கட்டுரைகளை வெளியிட்டால் நாம் என்ன சொல்வோம்?

மட்டறுத்துநர்

சாதி அளவீட்டு வரலாற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள், நல்ல விவாதமாக இருக்கும். இங்கே ஆய்வுப் பட்டியலோடு நில்லுங்கள்.

பீளமேடு வார்ப்படம்

நான் பேராசிரியர் இல்லை. கோவையில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவன். ராவின் பெயரை எங்கள் பட்டறையில் யாருக்கும் தெரியாது, அவருடைய அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது.

வார்ப்பில் காற்றுக்குமிழ் விழுகிறது என்று வையுங்கள். மணலின் ஈரம், மணலின் நுண்மை, பிசினின் அளவு, உருக்கின் வெப்பம், ஊற்றும் வேகம், அச்சின் இறுக்கம், ஆறவிடும் நேரம் என்று ஏழு சந்தேகங்கள். ஒவ்வொன்றுக்கும் கூட, குறைய என்று இரண்டே நிலை வைத்தாலும் முழுச் சோதனைக்கு 128 வார்ப்பு வேண்டும். எந்த முதலாளி அனுமதிப்பார்? நாங்கள் எட்டே வார்ப்பில் முடிப்போம். ஏழு பத்தி, எட்டு வரிசை. எந்த இரண்டு பத்தியை எடுத்தாலும் கூட-கூட, கூட-குறைய, குறைய-கூட, குறைய-குறைய நான்கும் சரியாக இரண்டிரண்டு தடவை வரும். ஜப்பானியர் தாகுச்சி பரப்பிய முறை என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். இந்த ஆர்த்தோகனல் அட்டவணைகளின் பொதுக் கோட்பாட்டை ராவ் 1940களிலேயே எழுதிவிட்டார் என்பதும், தாகுச்சி 1950களில் கல்கத்தா நிறுவனத்துக்கே வந்து இருந்துவிட்டுப் போனார் என்பதும் பிறகு தெரிந்தது. (ஒரு எச்சரிக்கை: இரண்டு காரணிகள் சேர்ந்தால் மட்டும் வரும் கோளாறை எட்டு வார்ப்பு பிரித்துக் காட்டாது. அதை மறந்து கையைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு.)

அளவைப்பொருளியல் மாணவி

எங்கள் பக்கத்துக் கதையும் இதே போலத்தான். கருதுகோள் சோதனைக்கு மூன்று பெரிய வழிகள் சொல்லித்தருவார்கள்: நேமன்-பியர்சனின் நிகழ்திறன் விகிதம், வால்டின் சோதனை, லக்ராஞ்சு பெருக்கிச் சோதனை. மூன்றாவதில் ஒரு வசதி: எளிய மாதிரியை (மாடல்) மட்டும் பொருத்தினால் போதும், சிக்கலான மாதிரியைப் பொருத்திப் பார்க்கவே வேண்டாம். கணினி மெதுவாக இருந்த காலத்தில் அது பெரிய வரம். 1980-இல் புரூஷும் பேகனும் எழுதிய பிறகு பொருளியலில் எல்லோரும் கையாளத் தொடங்கினார்கள். ஆனால் அதே சோதனையை ராவ் 1948-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோதே 'ஸ்கோர்' சோதனையாக எழுதிவிட்டார். அது பொருளியல் இதழில் வந்த கட்டுரை இல்லை என்பதால் அவருடைய பட்டியலில் அது பொருளியலாகத் தெரியாது. மேற்கோள் எண்ணிக்கை தேடினால், சோதனையைப் பயன்படுத்தும் பாதிப்பேர் அவர் பெயரையே குறிப்பிடுவதில்லை.

மேற்குமலை

சூழலியலிலும் உண்டு. காட்டின் பல்வகைமையை அளக்க இனங்களின் எண்ணிக்கையும் விகிதமும் மட்டும் போதாது. பத்து வகைப் புல்லும், பத்து வகை மரம்-கொடி-பூஞ்சையும் ஒன்றாகிவிடுமா? காட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உயிர்களை எடுத்தால் அவற்றுக்கு இடையே சராசரியாக எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதே ராவின் இருபடி எண்ட்ரோபி. 1982-இல், அறுபதைத் தாண்டிய வயதில் எழுதினார். நாங்கள் களப்பணித் தரவில் தினமும் போடும் கணக்கு இது.

இதன் வேரும் மக்கள் குழுக்களுக்கு இடையே தூரம் அளந்த அந்தப் பழைய வேலையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியார் ஐயா சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

சரியாகப் பிடித்தீர்கள். குழுவுக்குள் வேறுபாடு, குழுக்களுக்கு இடையே வேறுபாடு என்று பிரிப்பதுதான் அந்தக் கட்டுரையின் நோக்கமே.

ராவ் தம் புத்தகம் ஒன்றில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1947 கலவரத்தின்போது தில்லி செங்கோட்டைக்குள் ஏராளமான அகதிகள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். உணவு கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் வைத்த கணக்குக்கு அரசு பணம் தர வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே போய் எண்ணவும் முடியாது. புள்ளியியலாளர்கள் ஒப்பந்தக்காரர்களின் பற்றுச்சீட்டைத்தான் கேட்டார்கள். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்பது குடும்பக் கணக்கெடுப்புகளிலிருந்து தெரியும். வகுத்துப் பார்த்தால் அரிசி ஓர் எண்ணைச் சொன்னது, உப்பு அதைவிட மிகக் குறைந்த எண்ணைச் சொன்னது. உப்பைத்தான் நம்பினார்கள். விலை மலிந்த உப்பில் கள்ளக்கணக்கு எழுதி யாருக்கு என்ன லாபம்? ஆள் எண்ணிக்கை ஓரளவு தெரிந்திருந்த ஹுமாயூன் கல்லறை முகாமில் இதே முறை சரியாக வந்தது.

இந்த வேலைக்கு எந்த ஆய்விதழ், எந்தத் துறை?

சந்தேகி

உப்புக் கதை என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: இத்தனை பேர் சொன்ன உதாரணங்களில் பெரும்பாலானவை 1940களின் எட்டாண்டுக்குள் வருகின்றன. ராவ் அறுபதை நெருங்கும்போது, 1979-இல் பிட்ஸ்பர்க், பிறகு 1988-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று போய், எண்பது தாண்டும்வரை பணியில் இருந்தார். 400-இல் பெரும்பகுதி அணிகள் (மேட்ரிக்ஸ்), நேரியல் மாதிரி என்று கோட்பாட்டுத் திருத்தங்கள். தரவு மூட்டை வந்து இறங்காத காலத்தில் எழுதியவை. 2023-இல், 102 வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு கொடுத்தபோதும் 1945 கட்டுரையைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். எண்ணிக்கையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள் என்பதற்கு அவரே சாட்சி. அந்த ஆகஸ்டிலேயே மறைந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மாணவர்களை விட்டுவிட்டீர்கள். நம் சென்னைப் பையன், மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். எஸ். வரதன், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு கற்கலாம் என்றுதான் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே நண்பர்களோடு சேர்ந்து நிகழ்தகவுக் கோட்பாட்டில் இறங்கிவிட்டார். வழிகாட்டி ராவ். 'தரக் கட்டுப்பாட்டுக்கு என்றுதானே சேர்ந்தாய்' என்று அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆய்வேட்டைப் பார்க்க ரஷ்ய நிகழ்தகவு மேதை கொல்மகோரவ் வந்தார். 2007-இல் வரதனுக்குக் கணிதத்தின் உயரிய ஆபெல் பரிசு. இது எந்தக் கட்டுரைப் பட்டியலிலும் வராது.

நெல்லைக்கணக்கன்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் எலும்புக் கதையைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த விண்ணப்பதாரரின் பொதுவெளியில் உள்ள கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். பட்டியலை அல்ல, கட்டுரைகளை. பலவற்றில் சந்தேகி சொன்ன கதைதான், ஆறாவது பெயர். நுண்கடன் கட்டுரை எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் மீன்வளக் கட்டுரையில் ஒரு சிக்கலை எடுத்திருக்கிறார்: வலையில் ஒன்றும் விழாத நாள்கள் மிக அதிகம். படகு கடலுக்கே போகாததால் வந்த பூச்சியம் வேறு, போயும் மீன் கிடைக்காத பூச்சியம் வேறு; பதிவேட்டில் இரண்டும் ஒன்றுபோலக் கிடக்கும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி செய்திருக்கிறார். அடுத்து வந்த காசநோய்க் கட்டுரையில் அதே வழி திருந்திய வடிவில் இருக்கிறது: நோயாளி இல்லாத ஊர், பரிசோதனையே நடக்காத ஊர். இரண்டிலும் முதல் பெயர் அவருடையது. கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்படி துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

மருத்துவக்கல்லூரி மேசை

அந்தக் காசநோய்க் கட்டுரையின் இணைப்பை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். எங்கள் மாவட்டப் பதிவேட்டிலும் இதே பூச்சியத் தொல்லைதான்.

சந்தேகி

கடிதம் எழுதுங்கள், அந்த இரண்டு கட்டுரைகளையும் இணையுங்கள். நுண்கடன் கட்டுரையைப் பற்றி அவர்களே கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ராவின் பெயரை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். 'இவர் என்ன ராவா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.